பீரோவில் தூங்கிய பாக்கெட் வாட்ச்!

செமஸ்டர் ரிசல்ட் பீதியைக் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுட்டு, உங்க இடது மணிக்கட்டைப் பாருங்க. என்ன இருக்கு? ஸ்மார்ட் வாட்ச்? எத்தனை அடி நடந்தீங்கன்னு எண்ணுற பேண்ட்? இல்லை, 'மொபைல் இருக்கும்போது வாட்ச் எதுக்கு பாஸ்'னு கேட்கிற கோஷ்டியா?

நானும் அந்தக் கோஷ்டிதான். போன மாசம் எங்க பெசன்ட் நகர் வீட்டில் பாட்டி பீரோவைத் திறக்கிற வரைக்கும்!

கல்யாணத்துக்குப் போக பட்டுப்புடவை எடுக்கத்தான் திறந்தாங்க. புடவை மடிப்புக்குள்ளே இருந்து மஞ்சள் துணியில் சுத்தின ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. பிரிச்சா... வெள்ளியில் ஒரு பாக்கெட் வாட்ச். வெள்ளை டயல், கறுப்பு எண்கள், 6-க்கு மேலே குட்டியா ஒரு செகண்ட் முள் வட்டம், 12-க்கு மேலே சாவி கொடுக்கிற திருகு, அதைச் சுத்தி சங்கிலி மாட்ட ஒரு வளையம். ஓடலை.

"எங்க மாமனாரோட ஜேபிக் கடிகாரம்டி. உன் கொள்ளுத் தாத்தா ரயில்வேல கார்டு. இதைப் பார்த்துட்டுத்தான் விசில் ஊதி பச்சைக் கொடி காட்டுவார்" என்றார் பாட்டி. சவுத் இண்டியன் ரயில்வே... அதாவது 1951-ல் சதர்ன் ரயில்வே உருவாகறதுக்கு முன்னாடி இருந்தது!

அடுத்த செகண்டே எனக்கு பல்பு எரிஞ்சது. பழைய பாக்கெட் வாட்சை ரிஸ்ட் வாட்சா மாத்துற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. வளையத்தை அறுத்துட்டு, ரெண்டு பக்கமும் கொக்கி பற்ற வெச்சு, லெதர் ஸ்ட்ராப் மாட்டினா செம கெத்து! பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கு கொள்ளுத் தாத்தா வாட்சோட போய் உட்கார்ந்தா எப்படி இருக்கும்?

வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. "பொட்டலத்துல கெடந்து என்ன பிரயோஜனம்? புள்ள கட்டிக்கட்டுமே" என்றார் பாட்டி. அப்பாவோ, "அதுமேல ரம்பம் வெச்சே, அப்புறம் என்கிட்ட பேசாதே" என்றார். அம்மா வழக்கம்போல, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு சண்டை போடுங்க."

யார் பக்கம் நியாயம்? கையில் கட்டாத வாட்ச் வெறும் உலோகம். ஆனா ஒருதடவை அறுத்துட்டா அறுத்ததுதான். இந்த வாரம் முழுக்க இதே கதைதான் மக்களே.

முதலில் ஒரு வாக்குமூலம். உள்ளே என்ன இருக்குனு பார்க்கிற அவசரத்தில், பின் மூடியை நானே சமையலறைக் கத்தியால் நெம்பினேன். கத்தி வழுக்கி, வெள்ளியில் அரை இஞ்சுக்கு ஒரு கோடு. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூணு வருஷம் படிச்சதுக்கு அடையாளம்! அப்பாவிடம் காட்டாமல், 29சி பிடிச்சு லஸ் கார்னரில் இறங்கி, ஒரு பழைய வாட்ச் ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

ஒரு ஆள் உட்கார்ந்தா நிறைஞ்சு போற கடை. உள்ளே இருந்த பெரியவருக்கு எழுபது வயசுக்கு மேலே இருக்கும். கண்ணில் லென்ஸை மாட்டிக்கிட்டு, ஒரே அழுத்தில் மூடியைத் திறந்தார். "கத்தி போட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகம் செத்துப் போச்சு.

மூடியின் உள்பக்கத்தைத் திருப்பி லென்ஸை என்கிட்ட கொடுத்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத சைஸில் ஊசியால் கீறின எழுத்துகள். ஒரு இடத்தில் 3/38. அதுக்குக் கீழே 11/42. இன்னொரு கையெழுத்தில் 7/47. "ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்ணும்போதும், பண்ணினவன் தேதி போட்டு வெப்பான். அடுத்து வர்றவனுக்குத் தெரியணும்ல?"

7/47! நாடு சுதந்திரம் வாங்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, எங்க கொள்ளுத் தாத்தா எங்கேயோ ஒரு கடை வாசலில் நின்னு, இந்த வாட்ச் எப்போ ரெடியாகும்னு கேட்டிருக்கார். பொட்டலத்தில் இருந்தது வாட்ச் மட்டும் இல்லைனு அப்போதான் உறைச்சது.

"இதை ரிஸ்ட் வாட்சா மாத்தித் தருவீங்களா அங்கிள்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கேஸ் நல்லா இருக்கிற வாட்சை நான் அறுக்க மாட்டேன். கேஸ் இல்லாத மெஷினா எடுத்துட்டு வா, செஞ்சு பார்க்கலாம்" என்றார். ஏன் என்று கேட்டதுக்கு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தார். மிச்சத்தை நான் தேடிப் படிச்சேன். சுருக்கமா தர்றேன், நோட்ஸ் எடுத்துக்கோங்க.

பாக்கெட் வாட்ச் மெஷினில் ரெண்டு ஜாதி. மூடி இல்லாமல் முகம் திறந்தபடி இருக்கிறது 'லெபீன்'. இதில் திருகு 12-க்கு மேலே, செகண்ட் முள் அதுக்கு நேர் எதிரே 6-ல். முகத்துக்கு மேலே மூடி போட்டு, அழுத்தினா டப்புனு திறக்கிறது 'ஹண்டர்'. இதில் திருகு 3-ல், செகண்ட் முள் 6-ல். இப்போ யோசிங்க, ரிஸ்ட் வாட்சில் திருகு எங்கே இருக்கு? 3-ல். அப்போ ஹண்டர் மெஷின் கச்சிதமா பொருந்தும். எங்க வீட்டு வாட்சோ லெபீன். அதை அப்படியே கையில் கட்டினா, திருகு மேலே போய் ஸ்ட்ராப்பில் இடிக்கும். திருகை வலது பக்கம் கொண்டுவரத் திருப்பினா, 12 வலது பக்கம் படுத்துக்கும். நேராக்கணும்னா பழைய டயலைத் தூக்கிப் போட்டுட்டுப் புது டயல். அப்பவும் செகண்ட் முள் 9-ல் போய் நிக்கும்.

அடுத்து, அதிர்ச்சி. வாட்சுக்குள்ளே பேலன்ஸ் வீல்னு ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா ஆடிக்கிட்டே இருக்கும். பழைய மெஷின்களில் பெரும்பாலும் மணிக்கு 18,000 தடவை, அதாவது செகண்டுக்கு 5 டிக். ஒரு நாளைக்கு 4,32,000! அவ்வளவு ஆட்டத்தையும் தாங்குற அச்சோட நுனி, கிட்டத்தட்ட ஒரு தலைமுடிப் பருமன்தான். இப்போ இருக்கிற மெக்கானிக்கல் வாட்சில் அதைக் காப்பாத்த ஸ்பிரிங் வெச்ச குஷன் உண்டு. 'இன்காப்ளாக்' மாதிரியான அந்த சிஸ்டம் எல்லாம் 1930-களில்தான் வந்தது. அதுக்கு முந்தின பாக்கெட் வாட்சில் பொதுவா அது இருக்காது. கோட்டுப் பையில் சாதுவா தொங்கினதைக் கையில் கட்டிக்கிட்டு பஸ் கம்பியில் ஒரு இடி இடிச்சா, அச்சு டமால்.

மூணாவது, தண்ணி. இதுக்கு நம்ம ஏரியாவே சாட்சி. எலியட்ஸ் பீச்சில் இருந்து ரெண்டு தெரு தள்ளி நிறுத்தின சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்காது. உப்புக் காத்து, அதோட சென்னை வியர்வை. பழைய பாக்கெட் வாட்சுக்கு ரப்பர் வாஷரே கிடையாது. உள்ளே இருக்கிறதோ இரும்பு திருகாணிகளும் ஸ்பிரிங்கும். கேட்கணுமா?

நாலாவது மேட்டர் ரொம்ப முக்கியம், விளையாட்டுக்குச் சொல்லலை. டயல் எண்களிலும் முள்ளிலும் பழுப்பேறின, கொஞ்சம் தடிப்பான பெயின்ட் இருந்தா, வீட்டில் திறக்கவே திறக்காதீங்க. இருட்டில் ஒளிர்றதுக்காக 1910-களில் இருந்து 1960-கள் வரை வாட்சுகளில் பூசின ரேடியமா இருக்கலாம். இப்போ அது ஒளிராது, அதனால் செத்துப் போச்சுனு நினைச்சுடாதீங்க. தீர்ந்து போனது ஒளிர்ற பொருள்தான். ரேடியத்தோட அரை ஆயுள் 1,600 வருஷம்! அமெரிக்காவில் பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கி டயல் எழுதின பெண்கள் பலர் அதாலேயே செத்தாங்க. சுரண்டினா வர்ற தூசி மூச்சில் போகக் கூடாது. எங்க வாட்சில் அந்த பெயின்ட் இல்லை, வெறும் கறுப்பு எனாமல். தப்பிச்சேன்.

'இவ்வளவு சிக்கல் இருந்தா யாருமே மாத்தினதில்லையா?'னு கேட்பீங்க. மாத்தினாங்க! சொல்லப் போனா, ஆம்பளைங்க ரிஸ்ட் வாட்ச் கட்டின கதையே அங்கிருந்துதான் ஆரம்பிக்குது. அதில் மெட்ராஸுக்கும் ஒரு தொடர்பு இருக்கு.

1885-ல் மூணாவது பர்மா யுத்தம். பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கின பிரெண்டர்காஸ்ட், மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் படைப்பிரிவுக்காரர். கையில் துப்பாக்கி, குதிரைக் கடிவாளம் எல்லாம் இருக்கும்போது பையில் கையை விட்டு மணி பார்க்கிறது நடக்கிற காரியமா? பாக்கெட் வாட்சைக் கிண்ணம் மாதிரி தைச்ச லெதருக்குள் செருகி, மணிக்கட்டில் கட்டிக்கிற பழக்கம் அந்த யுத்தத்து ஆபீஸர்கள்கிட்டே இருந்ததுனு வாட்ச் வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. 1899-ல் தொடங்கின போயர் யுத்தத்தில் அது இன்னும் பரவியது. முதல் உலகப் போரில்தான் சின்ன பாக்கெட் வாட்சுகளுக்குக் கம்பி வளையம் பற்ற வெச்சு, 'டிரெஞ்ச் வாட்ச்'னே ஒரு ரகம் வந்தது.

இன்னொண்ணு கேளுங்க. 1930-களின் கடைசியில் ரெண்டு போர்ச்சுக்கல் வியாபாரிகள் சுவிஸ் நாட்டு ஐ.டபிள்யூ.சி. கம்பெனிகிட்டே, 'கப்பல் கடிகாரம் மாதிரி துல்லியமா ஒரு ரிஸ்ட் வாட்ச் வேணும்'னு கேட்டாங்க. அந்தத் துல்லியம் சின்ன மெஷினில் வரலை. கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 74-ங்கிற நம்பர் கொண்ட ஹண்டர் பாக்கெட் வாட்ச் மெஷினை எடுத்து, அப்படியே ரிஸ்ட் வாட்ச் கேஸில் போட்டாங்க. 1939-ல் வந்த அதுதான் 'போர்ச்சுகீஸர்'. அந்தக் காலத்துக்கு ராட்சச சைஸ், பெருசா விற்கலை. 1993-ல் திரும்ப வந்தப்போ ஹிட். இத்தாலி நேவிக்கு பனராய் கொடுத்த 47 மில்லிமீட்டர் வாட்சிலும் பாக்கெட் வாட்ச் மெஷின்தான் ஓடினது. இப்போ பெரிய வாட்ச் கட்டுற ஃபேஷன் வந்ததும்தான் இந்த மாத்துற வேலைக்கும் மவுசு கூடியது.

ஆனா கவனிங்க. இந்தக் கதை எதிலுமே ஒரு குடும்பத்து வாட்சை அறுக்கலை. லெதர் கிண்ணத்தில் செருகினாங்க, இல்லைனா ஃபேக்டரியில் இருந்த புது மெஷினுக்குப் புது கேஸ் போட்டாங்க.

அப்போ 'கேஸ் இல்லாத மெஷின்'னு பெரியவர் சொன்னது எங்கே கிடைக்கும்? இந்தக் கதை கொஞ்சம் சோகம். தங்கம், வெள்ளி விலை ஏற ஏற, பழைய பாக்கெட் வாட்ச் நகைக் கடைக்குப் போகும். கேஸை உருக்கிடுவாங்க, மெஷினைக் குப்பை மாதிரி ஒரு டப்பாவில் போட்டுடுவாங்க. அப்படி அநாதையான மெஷின்கள் ரிப்பேர் கடை டிராயர்களில் நிறையத் தூங்குது. அதுக்குப் புது கேஸ் போட்டு ரிஸ்ட் வாட்ச் ஆக்கினா, அது அழிவு இல்லை, மறுபிறவி. முழுசா இருக்கிற வாட்சை இதுக்காக உடைச்சா, அது நேர் எதிர். ஆன்லைனில் பளபளன்னு விற்கிற பல 'ஆன்டிக் கன்வர்ஷன்'கள், ஒண்ணோட மெஷின், இன்னொண்ணோட முள், புதுசா பெயின்ட் அடிச்ச டயல்னு சேர்த்த அவியல். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, டயல் பழசா, மெஷின் எங்கேயிருந்து வந்ததுனு கேளுங்க.

மெட்ராஸும் வாட்சும் சாதாரண உறவு இல்லைங்க. அண்ணா சாலையில் கடிகாரக் கோபுரத்தோட நிற்குதே பி.ஆர் அண்ட் சன்ஸ், 1849-ல் பீட்டர் ஆர் தொடங்கினது. அந்தக் கடை பேரை டயலில் போட்ட பாக்கெட் வாட்சுகள் இன்னமும் பழைய வீடுகளில் கிடைக்குது. 1792-ல் தொடங்கின நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வுக்கூடம் கணிச்ச 'மெட்ராஸ் டைம்'தான் ஒரு காலத்தில் நாட்டோட ரயில்களுக்கே டைம். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 14 செகண்ட் அதிகம். 1906 ஜனவரி 1-ல் 5:30 கணக்கில் இந்தியன் ஸ்டாண்டர்டு டைம் வந்தப்போ, வித்தியாசம் 8 நிமிஷம் 46 செகண்ட். அன்னிக்கு எத்தனை கார்டுகள் தங்கள் வாட்ச் முள்ளைத் தள்ளி வெச்சிருப்பாங்க! அடுத்த தடவை உங்க தாத்தா வீட்டில் ஒரு பழைய வாட்சைப் பார்த்தா, மொபைலில் விலை தேடுறதுக்கு முன்னாடி மூடியின் உள்பக்கத்தைப் பாருங்க.

சரி, எங்க வீட்டுத் தீர்ப்பு என்ன? வாட்சை சர்வீஸுக்குக் கொடுத்தேன். உள்ளே காய்ஞ்சு பிசினாகிப் போன எண்ணெயைக் கழுவி, அறுந்த மெயின் ஸ்பிரிங்கை மாத்தினார். என் ரெண்டு மாச பாக்கெட் மணி காலி. பாக்கெட் வாட்சுக்கு பாக்கெட் மணி, நியாயம்தானே?

அப்புறம், எங்க தெரு முனையில் செருப்பு தைக்கிற அண்ணாகிட்டே பர்மா யுத்தத்து டெக்னிக்கைச் சொன்னேன். ஒரு மாதிரியா பார்த்தார். படம் வரைஞ்சு காட்டினதும், "இவ்ளோதானா?" என்று ஒரே சாயங்காலத்தில் தைச்சுட்டார். வளையம், திருகு எல்லாம் அப்படியே, வாட்ச் லெதர் கிண்ணத்துக்குள். எப்போ வேணும்னாலும் வெளியே எடுக்கலாம். ஒரு ரம்பமும் படலை. பார்க்க என் மணிக்கட்டில் ஆமை ஏறின மாதிரி இருக்கு. பாட்டி சிரிச்ச சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆச்சு. பஸ்ஸில், பீச்சில், ஒர்க்‌ஷாப்பில் கட்ட மாட்டேன். இன்டர்வியூ மாதிரி சும்மா உட்கார்ற இடத்துக்கு மட்டும்.

மாத்துற ஆசையும் விடலை. பெரியவர் டிராயரில் இருந்து ஒரு அநாதை வால்தம் மெஷின் வாங்கியிருக்கேன். ஹண்டர் ரகம், அமெரிக்காவோட 16-ம் சைஸ், 43.18 மில்லிமீட்டர். காலேஜ் லேத்தில் பித்தளையில் கேஸ் கடைஞ்சேன். முதல் கேஸ் 43.8 ஆகிப் போய், மெஷின் உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடுது. ரெண்டாவது ஓகே. ஆனா இந்த அமெரிக்க மெஷினில், திருகை இழுத்தா 'டக்'னு நிக்கிற அமைப்பு மெஷினில் இல்லை, உருகிப் போன பழைய கேஸோட கழுத்தில் இருந்திருக்கு! இப்போ அதையும் நானே செய்யணும். இன்னும் முடியலை. முடிஞ்சதும் சொல்றேன்.

மக்களே, பழைய பொருளில் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. நான் பண்ற மாத்தத்தை நாளைக்கு ஒருத்தர் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? முடியும்னா தைரியமா பண்ணுங்க. முடியாதுன்னா, அநாதையைத் தேடுங்க.

சர்வீஸ் முடிச்சுக் கொடுக்கும்போது பெரியவர், "தேதி போடட்டுமா?" என்று ஊசியை எடுத்தார். அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சின்னதா போடச் சொல்லு" என்றார். 7/47-க்குக் கீழே இப்போ இந்த வருஷமும் இருக்கு. வெளியே என் கத்திக் கோடும் இருக்கு. அதை அப்பா இன்னும் பார்க்கலை. இதைப் படிச்சுட்டு இன்னிக்கு ராத்திரி கேட்பார்.

என்னைக் காப்பாத்த பாட்டி இருக்காங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!